செயப்படுபொருளை இழந்த இயந்திரத் துப்பாக்கி

நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடிக்க வேண்டிய வாரத்தில் இதை எழுதுகிறேன் என்பதை என் நெறியாளர் கவனிக்காமல் இருப்பாராக.

அண்மையில் ஓர் ஆய்வரங்கில், இரண்டாம் உலகப்போரைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. கட்டுரையாளரின் வாதம் இது: இவ்விளையாட்டுகளை ஆக்குவோர் பழைய வரைபடங்களையும் அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள ஊர்திகளையும் ஆராய்ந்து, ஒவ்வொரு டாங்கியின் கவசத் தகட்டையும் மில்லிமீட்டர் பிசகாமல் வடிக்கின்றனர், எனவே அவை வரலாற்றுத் துல்லியம் உடையவை, எனவே அவற்றை ஓர் ஆவணக்காப்பகத்தைப் போலவே வகுப்பறையில் பயன்படுத்தலாம். "மில்லிமீட்டர் பொய் சொல்லாது" என்று அவர் முடித்தபோது நல்ல கைதட்டல். மறுத்துப் பேச எழுந்தவர் ஒரே ஒருவர். அந்த மூத்த பேராசிரியரின் மறுப்போ, பிள்ளைகள் விளையாட்டையெல்லாம் ஆய்வென்று கொண்டுவந்துவிட்டீர்களே என்ற அளவில் நின்றுவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. அங்கே சொல்லத் தவறியதை இங்கே சொல்கிறேன். கட்டுரையாளர் சொன்னதும் பிழை. பேராசிரியர் சொன்னதும் பிழை. முன்னவர் விளையாட்டை அளவுக்கு மீறி நம்புகிறார். பின்னவர் அதை ஆடிப் பார்த்ததே இல்லை.

நான் ஆடியிருக்கிறேன். விடுதி அறையில், பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், வாங்கி ஐந்தாண்டுகளான மடிக்கணினியில். விளையாட்டின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். என் வழக்கு எந்த நிறுவனத்தின் மீதும் அன்று. 'துல்லியம்' என்ற ஒரு சொல்லின் மீது. நான் எடுத்துச் செல்லும் ஊர்தி எம் 11/39: இத்தாலியப் படை 'நடுத்தரம்' என்று பெயரிட்டுப் போருக்கு அனுப்பிய முதல் டாங்கி. ஏறத்தாழ நூறு மட்டுமே செய்யப்பட்டன. தொடக்க நிலையில் எளிதாகக் கிடைப்பது என்பதற்காக எடுத்தேன். அதன் விசித்திரம் பிடித்துப்போனதால் பிறகு விடவில்லை.

விசித்திரம் இதுதான். டாங்கி என்றதும் நம் மனக்கண்ணில் மேலே சுழலும் கூண்டும் அதிலிருந்து நீளும் பீரங்கியும் தோன்றும். எம் 11/39-இல் 37 மில்லிமீட்டர் பீரங்கி சுழல்கூண்டில் இல்லை. உடற்பகுதியின் வலப்புறம் பொருத்தப்பட்டிருக்கிறது. இடமும் வலமுமாக ஏறத்தாழ 15 பாகை திரும்பும், அவ்வளவே. மேலே உள்ள கூண்டில் இரண்டு 8 மில்லிமீட்டர் பிரெடா இயந்திரத் துப்பாக்கிகள். பக்கவாட்டில் ஓர் எதிரி தோன்றினால் 11 டன் இரும்பையும் ஒருசேரத் திருப்பினாலொழிய அவனைச் சுட இயலாது. 105 குதிரைத்திறன் டீசல் பொறி அதற்கு அவசரப்படுவதில்லை. முன்தகடு 30 மில்லிமீட்டர். ரிவெட் அடித்து இணைத்தது. சந்துமுனையில் நின்று, உடலை முன்கூட்டியே திருப்பி வைத்துக்கொண்டு, எதிரி தானாக என் 30 பாகைக்குள் வந்து விழும்வரை காத்திருப்பதைத் தவிர இதில் வேறு தந்திரம் இல்லை என்று அறிய எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

பேராசிரியருக்கான பதில் இங்கேயே இருக்கிறது. 'உடற்பகுதியில் பீரங்கி, வரம்புடைய திருப்பம்' என்ற ஒரு வரியை எந்தக் கையேட்டிலும் படித்துக் கடந்துவிடலாம். அந்த வரி ஓர் ஓட்டுநரை என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதை என் விரல்கள் இப்போது அறியும். குறி பார்ப்பவனின் கண் ஓட்டுநரின் கையில் இருந்தது என்பது எனக்கு விளையாட்டு கற்றுத்தந்த உண்மை, நூல் அல்ல. இதை அறிவு அன்று என்று தள்ளுவோர், ஓர் ஒலி நாவின் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை வாயைத் திறக்காமலே கற்பிக்க முயல்வோராகத்தான் இருக்க முடியும்.

ஆனால் கட்டுரையாளரிடம் எனக்குள்ள சண்டை பெரியது. அது அந்தச் சுழல்கூண்டிலிருந்து தொடங்குகிறது.

இந்த டாங்கியைப் பார்க்கும் எந்த ஆட்டக்காரரும் முதலில் சிரிக்கிறார். பீரங்கியைக் கீழே மாட்டிவிட்டு, எந்தத் தகட்டையும் துளைக்காத துப்பாக்கியை மேலே வைத்தானே, இவனைப் போல ஒரு மடையன் உண்டா? நானும் சிரித்தேன். விளையாட்டுக்குள் அந்தச் சிரிப்பு முழுக்க நியாயமானது. அங்கே அந்தத் துப்பாக்கிகளால் பயனே இல்லை. வேலிகளையும் காய்கறிக் கூடைகளையும் சிதறடிக்கலாம். ஏன் பயனில்லை? ஏனெனில் அக்களத்தில் மனிதர்கள் இல்லை. ஊர் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, வயலில் வைக்கோற்போர் இருக்கிறது. காலாட்படை இல்லை, ஊரார் இல்லை, ஓடுகிறவர் இல்லை, ஒளிகிறவர் இல்லை. டாங்கிகள் டாங்கிகளை மட்டுமே சுடுகின்றன.

நம் இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றா வினை என்றும் குன்றிய வினை என்றும் பகுப்பு உண்டு. 'சுட்டான்' என்றால் யாரை, எதை என்ற கேள்வி தொடர்ந்து வரும். 'தூங்கினான்' என்றால் வராது. எம் 11/39-இன் சுழல்கூண்டு செயப்படுபொருளை வேண்டி நிற்கும் ஒரு வினை. எல்லாத் திசைகளிலும் திரும்ப வேண்டிய ஆயுதம் இயந்திரத் துப்பாக்கியே என்று அதன் வடிவமைப்பாளர்கள் கொண்டதன் பொருள், இந்த ஊர்தியைச் சூழ்ந்து மனிதர்கள் இருப்பார்கள் என்பதும், அவர்கள் எத்திசையிலிருந்தாலும் சுடப்பட வேண்டும் என்பதும்தான். விளையாட்டு அந்தச் செயப்படுபொருளை நீக்கிவிடுகிறது. நீக்கிய பிறகு எஞ்சும் வாக்கியம் பிழையாகத் தெரிகிறது. உடனே நாம் எழுதியவனின் மடமையைக் கண்டு நகைக்கிறோம். பாடத்திலிருந்து ஒரு சொல்லை அழித்துவிட்டு மூலத்தில் பொருள் மயக்கம் உள்ளது என்று சொல்லும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்போமா? இங்கே கைதட்டுகிறோம். துப்பாக்கியின் விட்டம் சரி, நீளம் சரி, கூண்டின் சரிவு சரி. சுடப்பட்டவன்தான் இல்லை.

அடுத்தது 'நடுத்தரம்' என்ற வகைப்பெயர். இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. முதலாண்டு மொழியியல் மாணவரே பிடித்துவிடுவார். எம் என்பது நடுத்தரம் எனப் பொருள்படும் மேதியோ, 11 என்பது டன், 39 என்பது ஆண்டு. இத்தாலியப் படையின் வரிசையில் எல் இலகு, எம் நடுத்தரம், பி கனம். ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள சிறு ஊர்திகள் இலகுவில் நின்றதால் 11 டன் அங்கே நடுத்தரமாயிற்று. அமெரிக்கர்களின் எம் 3 ஸ்டூவர்ட் 12 டன்னைத் தாண்டியது. அவர்களுக்கு அது இலகு. இத்தாலியர்கள் கனம் என்று பெயரிட்ட 26 டன் பி 40-ஐ நான் ஆடும் விளையாட்டு நடுத்தர வகையில் வைத்திருக்கிறது. சோவியத் டி-34 அதே எடையில் நடுத்தரம் என்பதால். ஒரு குறியின் மதிப்பு அது நிற்கும் அமைப்புக்குள் பிற குறிகளோடு கொள்ளும் வேறுபாட்டால் அமைகிறது என்று சசூர் கற்பித்ததாக 1916-இலேயே அச்சாகிவிட்டது. அமைப்பிலிருந்து பிடுங்கி எல்லா நாடுகளுக்கும் ஒரே பட்டியல் போட்டால் எடை மிஞ்சும், மதிப்பு மறையும். இதற்கும் துல்லியம் என்றே பெயர்.

குரலைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் துறைக்குத் துரோகம். இத்தாலிய டாங்கியை எடுத்தால் உள்ளிருப்போர் இத்தாலிய மொழியில் பேசுகிறார்கள். "சுடு", "தகடு துளைத்தது", "பொறி நின்றது" என்ற அளவிலான வாக்கியங்கள். தெளிவான, வானொலித்தரமான இத்தாலியம். மெய்ம்மைக்கு இதுவும் ஒரு சான்றாகக் கட்டுரையாளரால் காட்டப்பட்டது. துல்லியோ தே மௌரோ 1963-இல் வெளியிட்ட இத்தாலிய மொழி வரலாற்று நூலில், நாடு ஒன்றான காலத்தில் இத்தாலியத்தைப் பேசத் தெரிந்தோர் மக்கள்தொகையில் 2.5 விழுக்காட்டினரே என்று கணித்தார். அக்கணக்கு மிகக் குறைவு என்று பின்னால் வந்தோர் வாதிட்டது உண்மை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் வீட்டு மொழி நாப்போலியமாகவோ வெனேத்தோவாகவோ சிசிலியமாகவோ இருந்த இளைஞர்கள்தாம் படைக்கு வந்தனர் என்பதில் பெரிய தகராறு இல்லை. முசோலினி அரசு வட்டார மொழிகளை அச்சிலிருந்து விரட்டியது. 1938-இல் மரியாதைச் சுட்டாகிய 'லேய்' கூடாது, 'வோய்' என்றே விளிக்க வேண்டும் என்றது. மேலதிகாரியை எப்படி விளிப்பது என்பதே அரசியலாகிவிட்ட ஒரு படையில், அந்த இரும்புப் பெட்டிக்குள் மூவர். ஓட்டுநர், கீழே பீரங்கியோடு ஒருவர், மேலே துப்பாக்கிகளோடு தலைவர். இந்த டாங்கிகளில் வானொலி இல்லை; பக்கத்து வண்டியோடு பேசக் கொடிதான். உள்ளே பொறியின் இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டும்.

விளையாட்டில் நான் ஊர்திக்குப் பின்னால், சில அடி உயரத்தில், பறவையைப் போல் மிதந்தபடி எல்லாவற்றையும் காண்கிறேன். மூவரின் கண்ணும் கையும் என் ஒரே மவுஸில் இணைந்துவிட்டன. யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. எம் 11/39 அழிந்ததில் 30 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஒரு பங்கு உண்டென்றால், சொல் போய்ச் சேராத அந்த அமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு. தகட்டை அளந்தவர்கள் பேச்சைக் கைவிட்டுவிட்டார்கள். அதற்கு மில்லிமீட்டர் இல்லை.

இனி நிபெய்வா. உண்மையில் என்னை எழுதத் தூண்டியது இதுதான்.

எகிப்தில், சிதி பர்ரானிக்குத் தெற்கே, பாலைவனத்தில் அமைந்த ஓர் இத்தாலியப் பாசறை. தளபதி பியெத்ரோ மலேத்தியின் படைப்பிரிவு அங்கே இருந்தது. எம் 11/39 டாங்கிகளும் இருந்தன. 1940 டிசம்பர் 9 விடியலுக்கு முன், நான்காவது ராஜபுத்திரப் படையணியின் ஏழாம் ரெஜிமென்ட் கிழக்கிலிருந்து சுட்டுக் கவனத்தைத் திருப்பியது என்று எழுதத் தொடங்கினேன். பாருங்கள், பெயரையே புரட்டிவிட்டேன். ஏழாம் ராஜபுத்திர ரெஜிமென்டின் நான்காம் படையணி. இந்தப் பெயர்களை நம்மில் எத்தனை பேர் தடுமாறாமல் சொல்வோம்? விடிந்த பின் வடமேற்கிலிருந்து, கண்ணிவெடி இல்லாத பக்கமாக, பிரித்தானிய மட்டில்டா டாங்கிகள் பாய்ந்தன. அவற்றின் பின்னால் நான்காவது இந்திய டிவிஷனின் பதினோராம் பிரிகேட்: கேமரன் ஹைலாண்டர்களும், ஆறாம் ராஜபுதன ரைஃபிள்ஸின் முதற் படையணியும். பாசறைக்கு வெளியே நின்ற இத்தாலிய டாங்கிகள், பொறியைச் சூடேற்றிக்கொண்டிருந்த நிலையிலேயே அழிக்கப்பட்டன. மலேத்தி கொல்லப்பட்டார். முற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது.

மலேத்தியின் காலாட்படையில் பெரும்பகுதி இத்தாலியர் அல்லர், லிபியர்கள். அதாவது அன்று காலை அந்த மணலில், ரோமுக்காகப் போரிட்ட லிபியர்களும் இலண்டனுக்காகப் போரிட்ட இந்தியர்களும் ஒருவரையொருவர் கொன்றார்கள். இரு தரப்புக்கும் அந்தப் போர் யாருடையது என்ற கேள்வி மிச்சமிருந்தது. ஒன்றரை மாதம் கழித்து, 1941 ஜனவரி இறுதியில், எரித்ரியாவின் அகோர்தாத்தில் அதே இந்திய டிவிஷன் அதே வகை டாங்கிகளை மீண்டும் சந்தித்தது. அதன்பின் கெரென் மலைகளில் வாரக்கணக்கில் சாவு. கெரெனில் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியப் படைவீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இன்றும் நிற்கிறது.

இப்போது விளையாட்டுக்கு வாருங்கள். இத்தனை ஆட்டங்களில் ஒருமுறைகூட என் எம் 11/39 ஒரு மட்டில்டாவைச் சந்தித்ததில்லை. தற்செயலன்று. மட்டில்டாவின் தகடு 78 மில்லிமீட்டர் வரை. என் 37 மில்லிமீட்டர் பீரங்கியால் அதன் முகப்பைக் கீறத்தான் முடியும். அப்படியொரு மோதல் 'சமநிலையற்றது' என்பதால் விளையாட்டு இருவரையும் வெவ்வேறு படிநிலைகளில் பிரித்து வைத்திருக்கிறது. சக ஆட்டக்காரனாக அதற்கு நன்றியும் சொல்வேன். ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள். இந்த ஊர்தியின் வாழ்வில் நடந்த மிக முக்கியமான காலை, இதே ஊர்தியைத் துல்லியமாகத் தருவதாகச் சொல்லும் விளையாட்டில் விதிப்படியே நடக்க முடியாதது. இருதரப்புக்கும் சரிபாதி வாய்ப்பு என்பது பந்தாட்டத்தின் அறம். காலனியப் போரின் முழு வரலாறும் அந்த அறத்தின் மறுப்பு. எத்தியோப்பியாவில் வானிலிருந்து நச்சுவாயு பொழிந்தவனும் கீழே நின்றவனும் எந்தப் படிநிலையில் சமமாக்கப்படுவார்கள்?

நச்சுவாயுவைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இத்தாலிய டாங்கிகளுக்கு முன்கியர் ஒன்று, பின்கியர் நான்கு என்ற பழைய நகைச்சுவையை ஆட்டக்காரர்கள் மட்டுமல்லர், நம் வரலாற்றுத்துறை நண்பர்களும் சொல்கிறார்கள். 1941 பிப்ரவரியில் பேதா பொம்மில் எம் 13/40-கள் திரும்பத் திரும்ப மோதி அழிந்ததையும், 1942 நவம்பரில் அல் அலமெய்னில் அரியெத்தே டிவிஷன் ஏறத்தாழ முழுதாக ஒழிந்ததையும் இதற்குப் பதிலாகச் சொல்லலாம். சொன்னால் பாசிசப் படைக்கு வக்காலத்து வாங்குவதாக ஒருவர் உடனே சொல்வார். என் மறுப்பு நேரெதிரான பக்கத்திலிருந்து வருகிறது. கோமாளி என்ற பட்டம் ஒரு விடுதலைப் பத்திரம். கோமாளிகள் முகாம் கட்டுவதில்லை. 1940-இல் இந்த டாங்கிகளை எகிப்துக்குள் அனுப்பிய படையின் தலைவர் ரொதோல்போ கிராத்சியானி. கிரேனைக்காவில் மக்களை முகாம்களில் அடைத்தவர் அவர். 1937 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் படுகொலை நடந்தபோது ஆட்சியில் இருந்தவரும் அவர். நச்சுவாயு பயன்பட்டதை இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1996 வரை ஆயிற்று; ஆஞ்செலோ தெல் போக்கா என்ற ஆய்வாளர் பல்லாண்டு வசை வாங்கிய பின்னரே அது நடந்தது. 'நல்லவர்கள், கொஞ்சம் கோமாளிகள்' என்ற அந்தப் படிமம் இத்தாலியர்களுக்கே வசதியாக இருந்ததை அவர் காட்டினார். அந்த வசதியைத்தான் சந்துமுனையில் நின்றபடி நானும் என் நகைச்சுவையால் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் களத்தில் காலாட்படையையும் சேர்க்கச் சொல்கிறாயா, இன்னும் சில உடல்கள் விழுந்தால் உனக்கு நிறைவா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. ராஜபுதன ரைஃபிள்ஸின் ஒரு சிப்பாயை இரண்டு புள்ளிக்குச் சுடும் வாய்ப்பை எனக்குத் தர வேண்டாம். விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும்; அதற்கு எதைத் தவிர்க்கவும் உரிமை உண்டு. தவிர்த்ததைத் தவிர்க்கவில்லை என்று சொல்லும் உரிமை நமக்கு, அதாவது கட்டுரை எழுதி, கலந்துரையாடி, பாடத்திட்டம் வகுக்கும் நமக்கு, இல்லை. 'தகடுகளின் அளவு சரியானது' என்று எழுதுங்கள், ஆட்சேபமில்லை. அதிலிருந்து 'வரலாற்றுத் துல்லியம்' என்ற சொல்லுக்குத் தாவும் அந்த 'எனவே' இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள்.

வகுப்பில் இவ்விளையாட்டைப் பயன்படுத்த விரும்புவோருக்கு நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இளநிலை மாணவர்கள் நால்வரை என் அறையில் உட்காரவைத்து எம் 11/39-ஐ ஆடச் செய்தேன். சிரித்து முடித்ததும், சுழல்கூண்டில் ஏன் இயந்திரத் துப்பாக்கி என்று மட்டும் கேட்டேன். முதலில் மடமை என்றார்கள். அரைமணி நேரம் கழித்து, பீகாரிலிருந்து வந்த ஒரு பெண் திரையிலிருந்த வெற்று வயலைச் சுட்டி, "இங்கே யாரோ இருந்திருக்க வேண்டும், இல்லையா?" என்றாள். நிபெய்வாவின் பெயரை நான் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

கட்டுரையாளருக்கு இந்தப் பதிவின் இணைப்பை அனுப்பிவிட்டேன். பேராசிரியருக்கும். அடுத்த அரங்கில் இருவரோடும் ஒரே அமர்வில் பேச ஒப்புதல் தந்திருக்கிறேன். மடிக்கணினியையும் எடுத்து வருவேன். பேராசிரியர் ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.